நான் சிவப்பு தீட்டிய முகம்

அந்தப் படத்தை இரண்டு நாள் மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். அதில் இருந்த மனிதரை என்னைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் உலகத்தில் யாரும் இருக்க முடியாது என்று அப்போது எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிற அசிங்கமெல்லாம் அந்தக் கர்வத்திலிருந்து வந்ததுதான்.

சித்தூர் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. முன்னால் படம் பிடிக்கிற அறை, நடுவில் இருட்டறை, அதற்கும் பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு அறைகள். என் கணவர் படம் பிடிப்பார், கழுவுவார். டச்சிங் செய்வதும் கலர் கொடுப்பதும் என் வேலை. நெகட்டிவில் தூசியோ முடியோ ஒட்டியிருந்தால் பிரிண்டில் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாகவும் வெள்ளைக் கோடாகவும் நிற்கும். மெல்லிய பிரஷ்ஷில் மையைத் தொட்டு அதையெல்லாம் அடைக்க வேண்டும். கலர் வேண்டும் என்கிறவர்களுக்குப் புடவைக்குப் பச்சை, உதட்டுக்கு ரோஜா, நகைக்கு மஞ்சள் என்று கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் பூச வேண்டும். கறுத்த பெண்களை நான் சிவத்த பெண்களாக்கியிருக்கிறேன். மாறுகண்ணை நேராக்கியிருக்கிறேன். நான் கலர் கொடுத்த படத்தைப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டு, கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்து திருதிருவென்று முழித்த மாப்பிள்ளைகள் அந்த ஜில்லாவில் சில பேராவது இருப்பார்கள்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லை மட்டும் முடிவாகவில்லை. எந்தத் தாலுகா மெட்ராஸோடு போகும், எது இங்கேயே நிற்கும் என்று டீக்கடையில் ஆளுக்கொரு கோடு போட்டுக் காட்டினார்கள். எங்கள் கடை போர்டில் தமிழும் தெலுங்கும் இருந்தன. ஊர் நிலவரத்தைப் பார்த்து என் கணவர் இரண்டையும் மேலே கீழே மாற்றி எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படியே போனால் தூரிகையை உங்கள் கடையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்றார் பெயிண்டர். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கதவைத் தாழ் போட்டுவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ரகம்.

எல்லைப் பக்கத்தில் ரயில் மறியல் நடந்த அன்று என் கணவர் ஒரு கல்யாணத்துக்குப் படம் பிடிக்கத் திருப்பதிக்குப் போயிருந்தார். மறியலால் ரயில்கள் நின்றுவிட்டன. மறுநாள் லாரி பிடித்து வந்து சேர்ந்தார். பிலிமைக் கழுவிப் பார்த்தால் மணமகள், மணமகன், பந்தி, மறுபடியும் பந்தி, கடைசியில் இது.

மொட்டைத் தலையோடு ஒருவர் பிளாட்பாரத்தில் மல்லாந்து கிடக்கிறார். கண் மூடியிருக்கிறது. நெற்றி நடுவிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்து, மூக்கோரமாக இறங்கி, கன்னத்தில் பரவி, பனியனை நனைத்திருக்கிறது. சுற்றிலும் கால்கள். செருப்புக் கால், வெறுங்கால், ஒரு பெண்ணின் கொலுசுக் கால்.

“ரத்தமா?” என்றேன்.

“பின்னே?”

“உயிர் இருந்துச்சா?”

“எனக்கெப்படித் தெரியும்? படத்த எடுத்தேன். கூட்டம் தள்ளிச்சு, வெளிய வந்துட்டேன்.”

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அடுத்த கேள்வியை நானும் கேட்கவில்லை. படம் ஜோராக விழுந்திருந்தது. அந்தக் கால்களுக்கு நடுவில் அந்த முகம். இருவரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஊரில் எல்லைக்காகப் பாடுபடுகிற கமிட்டி ஒன்று இருந்தது. தமிழ் பேசுகிற ஊர்கள் மெட்ராஸோடு சேர வேண்டும் என்பவர்கள். எப்படியோ கேள்விப்பட்டு இரண்டு பேர் வந்தார்கள். பார்த்தார்கள். ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கே எடுத்தது என்று கேட்டார். “மறியல் அன்னிக்கு, ஸ்டேஷன்ல” என்றார் என் கணவர். அதில் பொய் ஒரு சொட்டுக்கூட இல்லை. திருப்பதி ஸ்டேஷன் என்பதை அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மறியல் நடந்த இடத்துக்கும் திருப்பதிக்கும் எவ்வளவோ தூரம். பெரிய அளவில் ஒன்று தங்களுக்கு வேண்டும், இன்னொன்றைக் கடையின் முன்னால் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும், இரண்டுக்கும் கலர் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் உட்கார்ந்தேன். முதலில் டச்சிங். நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் மேல்நோக்கிப் போயின, ஒன்று பாதியில் அழிந்தாற்போல். நெகட்டிவில் முடி ஒட்டியிருக்கும் என்று நினைத்து இரண்டையும் மையால் அடைத்தேன். தோலின் நிறத்தோடு ஒட்ட வைக்க அரை மணி நேரம் ஆனது. அப்புறம் சிவப்பு. கையிலிருந்த சிவப்பு குங்குமம் மாதிரி இருந்தது, ரத்தம் மாதிரி இல்லை. அதனால் கொஞ்சம் பழுப்பும் ஒரு துளி நீலமும் சேர்த்தேன். வழிகிற இடத்தில் மெல்லிசாக, தேங்குகிற இடத்தில் கெட்டியாக. பனியனில் கறை முடிகிற விளிம்பை உண்மையில் இருந்ததைவிட ஒரு விரலளவு இழுத்துவிட்டேன். அப்போதுதான் பார்க்க நன்றாக இருந்தது. அந்த இரண்டு நாளும் அவருக்காக ஒரு தடவை கண் கலங்கியது, ஒரு தடவை சாப்பிடப் பிடிக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் சந்தோஷமாக இருந்தேன். வேலை கையில் நன்றாக வந்துகொண்டிருந்தது.

சின்ன வயதில், யுத்த காலத்தில், பட்டாணி மடித்துக் கொடுத்த பேப்பரில் இப்படித்தான் ஒரு படம் பார்த்தேன். எந்த ஊரோ, இடிந்த சுவர், அதன் அடியில் ஒரு கை. கை மட்டும். அதைப் பார்த்துக்கொண்டே கடைசிப் பட்டாணி வரைக்கும் தின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்ட வேண்டிய விஷயம் என்று எனக்கும் தோன்றவில்லை. பேப்பரைக் கசக்கிப் போடும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

படத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த நாளிலிருந்து கடைக்கு முன்னால் கூட்டம். நான் உள்ளே திரைக்குப் பின்னால் நின்று, பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலர் கைகூப்பினார்கள். சிலர் உச்சுக்கொட்டிவிட்டு அதே மூச்சில் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். ஒரு அப்பா மகளைத் தோளில் தூக்கிவைத்து, “பாத்தியா, எப்டி அடிச்சிருக்காங்க பாத்தியா” என்று காட்டினார். அந்தக் குழந்தை பார்க்கமாட்டேன் என்று அவர் தலைமுடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இரண்டு தெலுங்குப் பெண்கள் வந்தார்கள். பார்த்துவிட்டு, யாரோ தங்களைக் குற்றம் சொன்னதுபோல் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார்கள். அந்தப் பெண்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று முதல் தடவையாக எனக்கு உறுத்தியது. ஆனாலும் ஒருவர், “ரத்தத்தப் பாருய்யா, ஈரம் காயல” என்றபோது உள்ளுக்குள் குளிர்ந்தது. அது என் ரத்தம், அதாவது என் கை கலந்தது.

மூன்றாம் நாள் காலையில் கடையைத் திறந்தால் கண்ணாடிப் பெட்டியின்மேல் சாமந்தி மாலை தொங்கியது. கண்ணாடியில், சரியாக அந்த நெற்றிக்கு நேராக, குங்குமப் பொட்டு. கீழே கற்பூரம் எரிந்த கரி. படத்துக்கு மாலையும் பொட்டும் விழுந்தால் நம் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு விளையாட்டாகக்கூட யாரும் பூ சுற்றமாட்டார்கள், கையைத் தட்டிவிடுவார்கள். இந்த மனிதர் செத்தார் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பெரிசாகக் கலரில் கண்ணாடிக்குள் இருந்தார், அவ்வளவுதான்.

“எடுத்துடலாங்க” என்றேன்.

“ஜனங்க போட்ட மாலைய நாம எடுத்தா நாளைக்குக் கண்ணாடி இருக்காது” என்றார் என் கணவர். அதுவும் வாஸ்தவம்தான். மாலை அப்படியே இருந்தது. அதன்மேல் இன்னும் இரண்டு விழுந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எங்கோ உயிரோடு படுத்திருப்பதுபோலவும், நான் கொடுத்த ஒவ்வொரு பூச்சுக்கும் அவருக்கு ஒரு மூச்சுக் குறைவதுபோலவும் தோன்றிக்கொண்டே இருந்தது. பைத்தியக்கார நினைப்புதான். ஆனால் போகவில்லை.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, காலை நேரத்தில், ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து கடைப்படியில் நின்றாள். இருபது வயதுக்குமேல் இருக்காது. நடந்தும் பஸ்ஸிலும் வந்த புழுதி காலில் அப்பியிருந்தது.

“இங்க மாலை போட்ட படம் ஒண்ணு கீதாமே. அது எங்க வூட்டுக்காரர் படமான்னு பாக்கணும்.”

படம் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முதலில் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல் மளமளவென்று சொன்னாள். நகரிப் பக்கம் ஒரு சிற்றூர். பிரசவம் நல்லபடியாக ஆனால் மலைக்கு முடி கொடுப்பதாகப் புருஷன் வேண்டிக்கொண்டிருந்தார். போனவர் திரும்பவில்லை. புத்தூரில் சித்தப்பா வீட்டுக்குப் போய்க் கேட்டாயிற்று, திருப்பதியில் நாத்தனார் வீட்டுக்கும் ஆள் அனுப்பியாயிற்று, யாரும் பார்க்கவில்லை.

“பாத்திருக்க மாட்டாங்க. மலைக்குப் போனவரு நேரா தன் வூட்டுக்குத்தான் வரணும், நடுவுல யார் வூட்டுப் படியும் மிதிக்க மாட்டாரு. அத சொன்னா எங்க ஊர்ல யாரும் கேக்க மாட்டேன்றாங்க. இங்க படத்தப் பாத்துட்டு வந்து ஒருத்தரு சொல்லிட்டாரு. பொணத்த ஆத்தோரத்துல யாரோ எரிச்சிட்டாங்கன்னு இன்னொருத்தரு சொல்றாரு. காரியத்துக்கு நாள் குறிச்சிட்டாங்கம்மா. நாளன்னிக்கு என் தாலிய வாங்கிடுவாங்க.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. தாலியை மட்டும் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள், யாரோ பக்கத்தில் நிற்பதுபோல.

பிறகு படத்தின் பக்கம் திரும்பினாள். அத்தனை நாளாக அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் ரத்தத்தைத்தான் பார்த்தார்கள். அவள் பனியனைப் பார்த்தாள். இடுப்புக்குமேல், மடிப்பில் பாதி மறைந்து, ஒரு சதுர ஒட்டு இருந்தது. இரண்டு நாள் மடியில் வைத்திருந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை.

“நான் போட்ட ஒட்டுதான். வூட்ல கறுப்பு நூலுதான் இருந்திச்சி.”

குழந்தையை இடுப்பு மாற்றினாள். படியில் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். உட்காரவில்லை. கண்ணாடிக்குக் கிட்டே முகத்தை வைத்து, மாலையை விரலால் விலக்கி, குங்குமப் பொட்டைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

“நாமம் எங்க?” என்றாள்.

“என்னது?”

“மொட்ட போட்டுக்கினு சாமி பாத்துட்டு எறங்கறவரு, நாமம் இட்டுக்காமயா வருவாரு? எங்க நாமம்?”

அந்த இரண்டு வெள்ளைக் கோடுகள். திருப்பதிக்குப் போகிற வழியில் பிறந்து வளர்ந்து, நாமம் போட்ட மொட்டைத் தலைகளைத் தினமும் பார்க்கிற ஊரில் கடை வைத்திருக்கிற நான், நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோட்டைப் பார்த்து முடி என்று நினைத்திருக்கிறேன். ரத்தம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் ரத்தத்தைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. நாமம் எனக்கு அழுக்காகத் தெரிந்திருக்கிறது.

இருட்டறைக்குள் ஓடி, டச்சிங் செய்யாத சின்னப் பிரிண்டையும் நெகட்டிவையும் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நெகட்டிவைப் பஞ்சால் துடைத்தேன். கோடு போகவில்லை. புருவ நடுவில் சேர்ந்து இரண்டாகப் பிரிந்து மேலே போனது, ஒரு கால் பாதி கரைந்து. கறுப்பு வழிசல் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆரம்பித்தது. காயம் என்று எதுவும் இல்லை. எங்களிடம் இருந்த பிலிமில் சிவப்பு கறுப்பாகத்தான் விழும். ரத்தமும் அப்படி விழும், நாமத்தின் நடுக்கோடும் அப்படித்தான் விழும். காது மடலில் சொட்டுச் சொட்டாக ஏதோ மின்னியது. தண்ணீர். முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

அவளிடம் சொன்னேன். அடி படவில்லை போலிருக்கிறது, நாமம்தான் கரைந்து வழிந்திருக்கிறது என்று. நான்தான் அழித்தேன், நான்தான் சிவப்பு தீட்டினேன் என்பதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அடி படலன்னா, ஏன் வரல?” என்றாள்.

அடிபடாமலும் ஒருவர் விழுந்து சாகலாம்.

மாலையை எடுத்துப் போட்டுவிட்டுப் படத்தைப் பெட்டியிலிருந்து உருவினேன். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கமிட்டிக்காரர்களைப் பார்க்கப் போனார். அவர்களிடம் இருந்த படம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் சொன்ன பதிலைப் பிறகு எனக்குச் சொன்னார்: “அது நாமமாவே இருக்கட்டும். நெசமா ரத்தம் சிந்தினவங்க இல்லியா? அவங்கள யாரும் படம் புடிக்கல. இவரு அவங்களுக்காக இருந்துட்டுப் போகட்டும்.” இன்றைக்கு வரைக்கும் அந்தப் பேச்சுக்குச் சரியான மறுமொழி எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நாளை மறுநாள் தாலியைக் கழற்றப்போகிறவள் அவர்களுக்கு முன்னால் நிற்கவில்லை, எனக்கு முன்னால் நின்றாள்.

நானும் அவளும் திருப்பதிக்குப் பஸ் ஏறினோம். என் பையில் கலர் படமும் இருந்தது, அந்தச் சின்னப் பிரிண்டும் இருந்தது. குழந்தை அழுதுகொண்டே வந்தது. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. வழியில் நான் வாங்கிக் கொடுத்த வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

“துன்னு. கொழந்தைக்காவது துன்னு” என்றேன். நான் அவள் பேச்சுக்கே மாறிவிட்டிருந்தேன்.

“எறங்கல யக்கா” என்றாள்.

முதலில் ஆஸ்பத்திரி. கலர் படத்தை எடுத்துக் காட்டினேன். நர்ஸ் ஒரு எட்டுப் பின்னால் போனாள். இப்படி ஒரு கேஸ் வந்திருந்தால் எங்களுக்கு மறக்குமா, வரவில்லை என்றாள். வரவில்லை என்பது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் வெளியே வந்தோம்.

பிறகு ஸ்டேஷன். அங்கேயும் கலர் படத்தைத்தான் எடுத்தேன். சின்னப் பிரிண்ட் தெளிவாக இருக்காது என்று ஒரு எண்ணம். உண்மையைச் சொன்னால், கை தானாக அதற்குத்தான் போயிற்று. ஒரு நிமிஷத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர், “ஆமா, நான் பாத்தேன், தலையில அடிச்சாங்க” என்றார். இன்னொருவர், “ரெண்டு அடி” என்றார். மூன்றாமவர் அடித்த தடியின் நீளத்தையே கையால் அளந்து காட்டினார். ஒருவரும் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. படத்தைப் பார்க்கப் பார்க்க அவர்களுக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஒருவேளை நிஜம்தானோ, நாமமும் இருந்து அடியும் பட்டிருக்குமோ?

“அத்த உள்ள வை யக்கா” என்றாள் அவள். குரலில் கோபம் இருந்தது. “இத்த காட்டு.” என் பையிலிருந்து சின்னப் பிரிண்டைத் தானே எடுத்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தது. அதில் சிவப்பு இல்லை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

பிளாட்பாரத்தின் கோடியில் டீக்கடை வைத்திருந்த தெலுங்குக்காரர் ஒருவர், அவசரமில்லாமல் பிரிண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஈயனா? மயக்கம் வந்து விழுந்துட்டாரும்மா. ரைலு இல்ல, ஜனம் எக்குவ, ஒரே நெரிசல், பாவம் விரதம் வேற. நேனேதான் ஒரு சொம்பு நீள்ளு ஊத்தினேன். நாமமெல்லாம் கரைஞ்சி மூஞ்சி சிவப்பா ஆயிடுச்சி. எழுந்து உக்காந்தாரு. டீ குடுத்தேன்.”

“எழுந்தாரா?” என்றாள் அவள்.

“எழுந்தாரும்மா. கூட்டத்துல மூட்ட போயிடுச்சி. பிரசாதம், காசு எல்லாம் அதுலதான். பிரசாதம் இல்லாம எப்டி வூட்டுக்குப் போறதுன்னு அழுதாரு. ரெண்டு நாளு ஜுரம், சத்திரத்துல படுத்திருந்தாரு. இப்ப மலையடில, அலிபிரில, சாமான் தூக்கறாரு. முந்தாநாளு டீ குடிக்க வந்தப்போ, திரும்ப ஒரு தரம் மேல போயி பிரசாதம் வாங்கிக்கினு போறேன்னாரு.”

அவள் டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அந்த வாழைப்பழத்தை உரித்து, அங்கேயே நின்றபடி, இரண்டு வாயில் தின்றாள்.

ஆனால் டீக்கடைக்காரர் சொன்னது இரண்டு நாளைக்கு முந்தின சேதி. என் மனசு சும்மா இருக்கிற மனசா? மறுபடியும் ஜுரம் வந்திருந்தால்? படியில் தடுக்கியிருந்தால்? அலிபிரி போய்ச் சேருகிற வரைக்கும் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக யோசித்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் மலையடிவாரம் முழுக்க மொட்டைத் தலைகள். இறங்குகிறவர்கள், உட்கார்ந்திருக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் மொட்டை. அந்த முகத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டு, “அதோ” என்று ஒருவரைக் காட்டினேன். இல்லை. இன்னொருவரைக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது கெழவரு யக்கா” என்றாள். மூன்றாவதாக நான் காட்டியவரும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவப்பு வழிந்த தடம்தான். அது இல்லாத முகம் எதுவும் எனக்கு அவர் முகமாகப் படவில்லை.

அவள் முகங்களைத் தேடவே இல்லை. தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் டிரங்குப் பெட்டியோடு படியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, “யோவ்” என்றாள். சத்தமாகக்கூட இல்லை. அந்த மனிதர் நின்றார்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். குச்சிக் குச்சியாய் முடி முளைத்திருந்த தலை, ஒல்லியான உடம்பு, அதே பனியன், அதே ஒட்டு. அவள் அவர் மார்பில் கையால் அடித்தாள், திரும்பத் திரும்ப. குழந்தை நடுவில் நசுங்கி அலறியது. “இன்னாமே, இன்னா ஆச்சி, ஊர்ல யாருக்கு இன்னா ஆச்சி?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தன்னைத்தான் தேடி வந்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரியவில்லை. ஊர்க்காரர் ஒருவரிடம் சேதி சொல்லி அனுப்பியிருந்தாராம், அது போய்ச் சேரவில்லை.

நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். மழமழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு வீக்கம் இல்லை.

அப்போது எனக்குள் முதலில் எழுந்தது என்ன என்பதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. சந்தோஷம் வந்தது, நிறையவே வந்தது, பஸ்ஸில் திரும்பும்போது அழுதுகொண்டே வந்தேன். ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, ‘இவ்வளவுதானா’ என்பது. அந்த ரத்தத்துக்காக நான் சாப்பிடாமல் இருந்தது, பயந்தது, கண் கலங்கியது எல்லாம் வீணாகப் போனதுபோல் ஒரு சப்பென்ற ஏமாற்றம். என் படம் கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். அவர் உயிரோடு என் முன்னால் நிற்கிறபோது அப்படி நினைத்தேன்.

“பாருய்யா, உன்ன எப்டி வச்சிக்கினு இருந்தாங்கன்னு பாரு” என்று அவள் என் பையிலிருந்து கலர் படத்தை உருவி அவரிடம் நீட்டினாள்.

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

“அய்யோ பாவம். யாரு பெத்த புள்ளயோ.”

“நீதான்யா” என்றாள் அவள். சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள்.

அவர் மறுபடியும் பார்த்தார். பனியனைப் பார்த்து, ஒட்டைத் தொட்டுப் பார்த்து, பிறகு தன் நெற்றியைத் தடவிக்கொண்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதன்முதலாக அப்போதுதான் என்னைப் பார்த்தார். என் முகத்தில் அவர் எதைக் கண்டாரோ தெரியவில்லை. படத்தைப் பத்திரமாக என் கையில் திருப்பிக் கொடுத்தார். தப்புச் செய்துவிட்டவர்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் ஆவலம்மா. வெறும் மயக்கந்தான்” என்றார்.